குளோரபோம் போத்தலும் கண் மூடாத தண்டையலும்

மனிதரைச் சாகவிடாமல் செத்தவர் போலக் கிடத்துவதுதான் எங்கள் தொழில். அந்தப் ‘போல’ என்ற சொல்லுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஆசுப்பத்திரி வாங்கில் குந்தியிருந்து, உங்கள் முறை வருவதற்குள் கால் விறைத்து, உள்ளே ஆரோ குழறுகிற சத்தம் கேட்டு, ‘எனக்கு வருத்தம் சுகமாகிவிட்டது’ என்று எழும்பி ஓட நினைத்த அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே கூட்டம். நீங்கள் கதவுக்கு வெளியே இருந்து நடுங்கினீர்கள். நான் உள்ளே நின்று நடுங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பண்டத்தரிப்புப் பக்கத்தில் பன்னிரண்டு கட்டில் உள்ள ஒரு சின்ன ஆசுப்பத்திரியில் நான் மருந்து கலக்கிறவன். கத்தி வைக்கிற நாட்களில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தேத்தண்ணி வடி மாதிரி ஒரு கம்பி மூடியை நோயாளியின் மூக்கின் மேல் வைத்து, அதற்குத் துணி போட்டு, குளோரபோமைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மற்றக் கை விரல் நாடியில் இருக்கவேண்டும். சொட்டுக் கூடினால் ஆள் போய்விடுவார், குறைந்தால் எழும்பி டொக்டரை உதைப்பார். பதினொரு வருடம் இதைச் செய்தேன். ஒரே ஒரு ஆள் எழும்பவில்லை. அவர் ஒரு புகையிலைத் தோட்டக்காரர். இதயம் பலவீனம் என்று ஒருவருக்கும் தெரியாது, நானும் காது வைத்துக் கேட்கவில்லை. முப்பதாவது சொட்டில் என் விரலுக்குக் கீழே அவருடைய நாடி நின்றது. என்னில் பிழையில்லை என்று அப்போதிருந்த டொக்டர் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். விரலுக்கு வாசிக்கத் தெரியாதே! அன்றிலிருந்து போத்தலைத் திறந்தால் அது நடுங்கும்.

பிறகு உலகச் சண்டைக்காலம் வந்தது. கப்பலில் வருகிற மருந்துகள் நின்றுபோய், கடைசிக் குளோரபோம் போத்தல் மேசை லாச்சிக்குள் பூட்டப்பட்டது. வெளியே சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைக் கெடுக்கவென்றே புது டொக்டர் வந்து சேர்ந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர், மெலிந்த ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்புக் கொப்பி. “மிஸ்டர் சிவகுரு, மருந்தே இல்லாமல் வாயாலை சொல்லி நோவை நிப்பாட்டலாம். மனோவசியம் எண்டு சொல்லுறது,” என்றார். “ஐயோ டொக்டர், அந்தச் சொல்லை இந்த ஊரிலை வாயிலையும் எடுக்காதேங்கோ! வசியம் எண்டால் வெத்திலையிலை மை தடவி ஆளை மயக்கிறது எண்டு நினைச்சு ஆசுப்பத்திரிக்குக் கல்லெறிவினம்,” என்றேன். கடைசியில் ‘மருந்தில்லா நித்திரை’ என்று பெயர் வைத்தோம். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். அவர் கறுப்புக் கொப்பியைத் திறந்து காட்டினார். முதல் பக்கத்தில் ‘விளக்கங்கள்’ என்று தலைப்பு எழுதி, அடியில் வடிவாகக் கோடு கீறியிருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

மரியாதைக்காரர் கந்தையர்

முதலில் அகப்பட்டவர் வயல் செய்கிற கமக்காரர் கந்தையர். முதுகில் அரைத் தேங்காயளவு கட்டி. டொக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, தலைமாட்டில் ஒரு வெள்ளிக் கரண்டியை நிறுத்தி, அதையே பார்க்கச் சொன்னார். “உங்கடை கண் கனக்குது,” என்று தொடங்கினார். “ஓம் ஐயா,” என்று கந்தையர் தலையை நிமிர்த்தினார். “உடம்பு தளருது.” “ஓம் ஐயா.” “நித்திரை வருகுது.” “ஓம் ஐயா, வரட்டும் ஐயா.” டொக்டர் கதைக்கும்போது மறுமொழி சொல்லாமல் கிடப்பது எங்கள் ஆட்களுக்கு ஏலாத காரியம். டொக்டர் கதிரையை விட்டு எழும்பினால், கந்தையரும் கட்டியோடு எழும்பி நிற்பார். மூன்றாம் முறை டொக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. “நீங்கள் சொல்லுங்கோ, மிஸ்டர் சிவகுரு. உங்களுக்கு ஆரும் எழும்பமாட்டினம்,” என்றார். உண்மைதான். பதினொரு வருடத்தில் எனக்கு ஒரு குருவிகூட எழும்பினதில்லை.

சொட்டு விடுகிற அதே வேகத்தில், ஒவ்வொரு சொல்லாக நான் சொன்னேன். கால் கனக்குது, கை கனக்குது, முதுகு மரத்துப்போச்சு, நோகாது. டொக்டர் கத்தியை வைத்தார். கந்தையர் அசையவில்லை. நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் விரல் அவருடைய நாடியில் இருந்தது. முகம் மரியாதைக்கு நடிக்கும், நாடிக்கு என்ன மரியாதை தெரியும்? கத்தி ஒரு அங்குலம் இறங்கின நேரத்திலும் அது ஆறுதலாக, ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. குளோரபோமில்கூட அப்படி ஒரு நாடியை நான் கண்டதில்லை.

கட்டுப் போட்டு முடிந்ததும், “நல்ல நித்திரையோ?” என்று கேட்டேன். “நித்திரையோ! நான் எங்கை தம்பி நித்திரை கொண்டன்? கரண்டி விழுந்தது, வெளியிலை மாடு கத்தினது, எல்லாம் கேட்டுக்கொண்டுதானே கிடந்தனான்,” என்றார். அப்படியானால் நோகவில்லையா என்று கேட்டதற்கு, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நோகாது எண்டு நீர் உவ்வளவு பாடுபட்டுச் சொன்ன பிறகு, நொந்தால் உமக்கு மரியாதையில்லையே தம்பி!”

நீல மைக் கோடு

அன்று மத்தியானம் கொப்பியில் முதல் விளக்கம் ஏறியது: ‘இது நித்திரை அல்ல. சொன்னவருக்கு இணங்குவது.’ டொக்டருக்குப் பெரிய சந்தோசம். அந்தச் சந்தோசம் அடுத்த திங்கட்கிழமைவரை நின்றது. அன்றுதான் வல்வெட்டித்துறைத் தண்டையல் பொன்னுத்துரை வந்தார். தண்டையல் என்றால் பாய்க்கப்பலை நடத்துகிற தலைவர், கப்பலில் அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. வயது ஐம்பத்தெட்டு. நங்கூரக் கயிறு வலது கையைச் சுற்றி நெரித்து, உள்ளே எலும்பு செத்து, சீழ் வடிந்துகொண்டிருந்தது. வேறொரு இடத்தில் மணிக்கட்டோடு எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் டொக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செத்த எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தால் கை தப்பும். ஆனால் அரை மணித்தியாலம் கை துளியும் அசையக்கூடாது,” என்று சொல்லி, குளோரபோம் பூட்டிக்கிடந்த லாச்சியின் திறப்பை என்னிடம் நீட்டினார்.

நான் திறப்பை வாங்காமல் தண்டையலின் நெஞ்சில் காதை வைத்தேன். மூன்று அடி, ஒரு இடைவெளி. இரண்டு அடி, ஒரு இடைவெளி. புகையிலைத் தோட்டக்காரரிடம் நான் கேட்காமல் விட்டது இதைத்தான். “இவருக்கு நான் சொட்டு விடமாட்டன் டொக்டர்,” என்றேன். தண்டையலிடமும் உள்ளதைச் சொன்னேன், என் விரலுக்குக் கீழே ஒரு ஆள் போனதை. அவர் தலையாட்டினார். டொக்டர் அவருடைய முன்கையில் நீல மையால் ஒரு கோடு கீறினார். வீக்கம் அந்தக் கோட்டைத் தாண்டினால், கையை எடுக்கவேண்டியதுதான்.

அன்றே மருந்தில்லா நித்திரையைத் தொடங்கினோம். முதலில் டொக்டர், பிறகு நான், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து. ஒரு மணித்தியாலம் போனது. டொக்டர் கொட்டாவி விட்டார், எனக்குக் கண் சொருகியது. தண்டையல் மட்டும் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணை மூடுங்கோ என்று கெஞ்சினேன். “நாப்பது வருசமா, நான் கண்ணை மூடினால் பத்துப் பேர் சாவினம் எண்டு முழிச்சிருந்தவன். உமக்காண்டி இண்டைக்கு எப்பிடித் தம்பி மூடுறது?” என்றார்.

மச்சானின் சுருட்டு

தண்டையலை மூலைக் கட்டிலில் வைத்துக்கொண்டோம். நாளுக்கு இரண்டு தரம் நீலக் கோட்டைப் பார்ப்பது எங்களுக்கு வேலையாகிவிட்டது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், ஏன் அவரில் வேலை செய்யவில்லை என்று தெரியும் என்றார் டொக்டர். ஆனபடியால் பல்லுப் பிடுங்க வருகிறவர், புண் கீற வருகிறவர் எல்லாருக்கும் மருந்தில்லா நித்திரைதான். அந்தக் கிழமை காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து சுவர் கட்டுகிற மேசன் ஒருவர் கடைவாய்ப் பல்லோடு வந்தார். துணைக்கு மச்சான்காரன். மேசனை உள்ளே இருத்தி, திரையை இழுத்துவிட்டு, நான் தொடங்கினேன். உடம்பு கனக்குது, கண் கனக்குது, ஒண்டும் நோகாது. மேசன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். டொக்டர் பல்லைப் பிடித்தார். ஐயோ! அந்த மனிதன் போட்ட கூச்சலில் மூலைக் கட்டிலில் தண்டையல் எழும்பி இருந்துவிட்டார்.

ஏதோ கருகுகிற மணம் வந்தது. திரையை விலக்கினேன். வெளியே வாங்கில் மச்சான்காரன் சுவரில் சாய்ந்து இருக்கிறார், வாய் திறந்தபடி. விரலுக்கிடையில் சுருட்டு எரிந்து எரிந்து தோல்வரை வந்துவிட்டது. தோல் சிவந்து பொங்கிவிட்டது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என் கடவுளே, அவருக்கு ஆர் என்ன சொன்னது? ஒரு கரண்டியும் காட்டவில்லை. திரைக்கு அப்பால் ஆருக்கோ சொன்ன சொல், கேட்கவேண்டியவனை விட்டுவிட்டு, கேட்கத் தேவையில்லாதவனுக்குள் இறங்கியிருக்கிறது. டொக்டர் ஓடிவந்து, விரலைப் பார்த்து, கொப்பியை எடுத்து முதல் விளக்கத்தை வெட்டினார். “இவருக்கு ஆரும் சொல்லேல்லை, இவர் ஆருக்கும் இணங்கேல்லை. மனம் காவல் இல்லாமல் இருந்திருக்கு,” என்று இரண்டாவதை எழுதினார். சுருட்டைப் பறித்துவிட்டு மச்சான்காரனைத் தட்டி எழுப்பினேன். உள்ளே மேசன் அழுகிற சத்தத்தையும் தன் விரலையும் மாறி மாறிக் கவனித்துவிட்டு, மனிதன் பயந்துபோய்க் கேட்டார்: “அவனுக்கு எண்டு குடுத்ததை நான் வாங்கிப்போட்டன் போலை கிடக்கு ஐயா, திருப்பிக் குடுக்கேலுமோ?”

ரீச்சரின் வலது கை

அன்னம்மா ரீச்சர் மிசன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறவர். இடது உள்ளங்கையில் ஊசி ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. இரண்டு இடத்தில் கீறிப் பார்த்தும் அகப்படவில்லையாம். ரீச்சர் செபம் பண்ணிப் பழகினவர், நான் பத்துச் சொல் சொல்வதற்குள் கண் மூடி, மூச்சு ஆழமாகிவிட்டது. டொக்டர் ஏதோ புத்தகத்தில் படித்தாராம், ரீச்சரின் வலது கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, கீழே மருந்து எழுதுகிற கடதாசித் துண்டு ஒன்றை வைத்தார். “உங்களுக்குத் தெரியாதது உங்கடை கைக்குத் தெரிஞ்சால் அது எழுதட்டும்,” என்றார். இந்த மனிதனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

கத்தி இறங்கியது. “நோகுதோ ரீச்சர்?” “இல்லை,” என்றார், முகத்தில் சின்னச் சிரிப்பு. அந்த நேரம் வலது கை தானாக நகர்ந்தது. நான் எட்டிப் பார்த்தேன். ‘நோகுது’ என்று எழுதியிருந்தது. வாய் சிரிக்கிறது, கை நோகுது என்கிறது! இரண்டும் ஒரே ஆள். கை நிற்கவில்லை. ‘அங்கை இல்லை. பெருவிரல் பக்கம். இன்னும் கொஞ்சம். அதுதான்.’ டொக்டர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஊசியைப் பிடித்திழுக்கிற சாவணத்தை நகர்த்தினார். ‘அதுதான்’ என்ற இடத்தில் டிக் என்று இரும்பில் இரும்பு பட்டது. ஊசி வந்தது. சிவராத்திரிக்குக் கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு பயபக்தி வந்ததில்லை.

டொக்டர் இரண்டாவது விளக்கத்தை வெட்டிவிட்டு மூன்றாவதை எழுதினார்: ‘மனம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று போகிறது, ஒன்று காவல் இருக்கிறது.’ ரீச்சர் கண் விழித்து, அந்தத் துண்டை வாங்கி, வகுப்புக் கொப்பி திருத்துகிற மாதிரிக் கவனமாக வாசித்தார். கையெழுத்துத் தன்னுடையதுதான், ஆனால் எழுதினது தானில்லை என்றார். பிறகு கண் கலங்கிச் சொன்னார்: “எனக்கு வந்த நோவை ஆரோ ஒருத்தி தனியப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாள், பாவம், இண்டைக்கு அவளுக்கும் சேத்துத்தான் செபம் பண்ணவேணும்.”

ஒட்டின துணி

இவ்வளவு அதிசயமும் மூலைக் கட்டிலுக்குப் போனால் செல்லாக்காசு. தண்டையலை மூன்று தரம் முயன்றுவிட்டோம். கரண்டி, மெழுகுதிரி, பென்சில், ஒன்றும் பலிக்கவில்லை. மறுகிழமை புதன்கிழமை காலை வீக்கம் நீலக் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் கீழே நின்றது. “வெள்ளிக்கிழமைக்கு மேலை பொறுக்கேலாது, கை போனாலும் உயிரைப் பாக்கவேணும்,” என்று டொக்டர் அவரிடம் நேரே சொல்லிவிட்டுப் போனார். தண்டையல் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “சோத்தை மகள் வாயிலை தீத்துவாள் தம்பி. சுக்கானை ஆர் பிடிக்கிறது?” என்று கேட்டார். அவருக்கு நான் சொட்டு விடமாட்டேன் என்று சொன்னதால்தானே கை போகப்போகிறது? விட்டால் உயிர், விடாவிட்டால் கை. என்ன கோதாரி உத்தியோகம் இது!

அவருடைய முகத்தைப் பார்க்க ஏலாமல், புண்ணுக்குப் பழைய துணியை மாற்றத் தொடங்கினேன். துணி புண்ணோடு ஒட்டிப் பிடித்துவிடும், இழுத்தால் அந்த மலைபோன்ற மனிதன் பல்லைக் கடித்து முனகுவார். நோவை மறக்கட்டும் என்று, நாகபட்டினம் போகிற வழி எப்படி என்று சும்மா கேட்டுவைத்தேன். கூரை ஓடு ஏற்ற அடிக்கடி போய்வருகிறவர் அல்லவா? “விடிய முன்னம் பாய் விரிக்கவேணும்,” என்று தொடங்கினார். சோழகக் காற்று எப்படிப் பிடிக்கும், காங்கேசன்துறை வெளிச்சவீடு இடப்பக்கம் எப்படிப் பின்தங்கும், கோடிக்கரைக்கு நேரே நீரோட்டம் எப்படிக் கப்பலைக் கரைக்கு இழுக்கும். கண் திறந்தபடிதான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்ல மெல்ல அசைத்தது. நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கையைப் பார்த்தபோது பழைய துணி முழுக்க என் விரலில் இருந்தது. புண்ணிலிருந்து இரத்தம் வழிந்தது. இழுத்ததை அவர் அறியவேயில்லை.

டொக்டரின் அறைக்கு ஓடினேன், கையில் அந்தத் துணியோடு. “டொக்டர், நாங்கள் இவ்வளவு நாளும் தலைகீழாச் செய்திட்டம்! இவர் கண்ணை மூடிப் போற ஆளில்லை, கண்ணைத் திறந்துகொண்டு போற ஆள்!” என்று கத்தினேன். டொக்டர் மூன்றாவது விளக்கத்துக்குக் கீழே ‘ஒன்றில் முழுக்க ஒன்றிப்போவது’ என்று எழுதிவிட்டு, வெட்டவும் மனமில்லாமல், அடுத்ததை எழுதவும் மனமில்லாமல் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். தண்டையல் என்னைக் கோபமாகப் பார்த்தார்: “கோடிக்கரையிலை என்னை விட்டிட்டு எங்கை ஐசே ஓடினனீர்?”

நாகபட்டினம்

வெள்ளிக்கிழமை காலை வீக்கம் கோட்டைத் தொட்டு நின்றது. டொக்டர் ஒரு தட்டில் சின்னக் கத்தியும் சாவணமும், இன்னொரு தட்டில் எலும்பு வாளும் அவித்து வைத்தார். எந்தத் தட்டு என்பது என் வாயில்தான் இருந்தது. தண்டையலைப் படுக்கவைக்கவில்லை. கதிரையில் நிமிர்ந்து இருக்கவைத்து, வலது கையை மேசையில் நீட்டி, அது தெரியாமல் நடுவில் திரை கட்டினேன். இடது கையில், கால் முறிந்தவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற ஊன்றுகட்டையைக் கொடுத்தேன். “சுக்கான்,” என்றேன். எதிர்ச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. “வடக்கு வெள்ளி. கண்ணை மூடாதேங்கோ தண்டையல், மூடினால் எல்லாரும் போச்சு.” கட்டையை அவர் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. “ஆர் அணியத்திலை?” என்று கேட்டார். அணியம் என்றால் கப்பலின் முன்பக்கம். “நான்தான்,” என்றேன். அதுவரை ‘நீர்’ என்றவர் சட்டென்று மாறினார்: “கடல் தெரியாட்டில் பறவாயில்லை. காணுறதைச் சொல்லு, வாயை மூடாதை.”

டொக்டர் தொடங்கினார். நான் தண்டையலின் இடது மணிக்கட்டில் விரலை வைத்து, காற்றைச் சொன்னேன், அலையைச் சொன்னேன், வெளிச்சவீட்டைச் சொன்னேன். சாவணம் எலும்பில் உரசுகிற சத்தம் எனக்குப் பல்லைக் கூசவைத்தது. தண்டையலுக்கு அது பாய்மரம் முனகுகிற சத்தமாகப் பட்டிருக்கவேண்டும், “கயிறு காய்ஞ்சுபோச்சு,” என்று ஒருமுறை சொன்னார். முதல் துண்டு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பெரியது, இறுகிவிட்டது. டொக்டர் பலமாக நெம்பினார். நாடி மூன்று அடி அடித்தது, ஒரு இடைவெளி விட்டது. அந்த இடைவெளி முடியவில்லை.

நான் வாயடைத்துப்போனேன். என் முன்னால் கடலும் இல்லை, தண்டையலும் இல்லை. புகையிலைத் தோட்டக்காரர் கம்பி மூடிக்குக் கீழே கிடந்தார். விரல் நடுங்கத் தொடங்கியது. “மிஸ்டர் சிவகுரு,” என்று டொக்டர் குசுகுசுத்தார், “கதையுங்கோ!” எனக்கு ஏலவில்லை. அப்போது தண்டையல் போட்டார் ஒரு சத்தம், யன்னல் கண்ணாடி அதிர்ந்தது: “அணியத்திலை நிக்கிறவன்! செத்தவனைப் பாத்துக்கொண்டு நிக்காதை! முன்னுக்குப் பார், கோடிக்கரை வருகுது!”

நான் முன்னுக்குப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சுவரைக் காணவில்லை. கறுத்த தண்ணீர், அதற்கு மேலே ஆணி இருந்த இடத்தில் வெள்ளி. உதட்டில் உப்புக் கரித்தது. காரைநகர்த் தோணிக்கு அப்பால் கடல் கண்டிராத நான், “நீரோட்டம் இழுக்குது தண்டையல், வலக்கைப் பக்கம் திருப்புங்கோ!” என்று கத்தினேன். ஊன்றுகட்டை திரும்பியது. என் விரலுக்குக் கீழே நாடி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஒன்று. பெரிய எலும்பு தட்டில் விழுந்த சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. நாகபட்டினம் போய்ச் சேர்ந்ததும், கப்பல் ஆட்டத்தில் நான் குடித்த தேத்தண்ணியெல்லாம் வாளியில் சத்தி எடுத்தேன்.

இனித் திரும்புவோம் என்று டொக்டர் என் காதில் சொன்னார். அதைச் சொன்னேன். தண்டையல் அசையவில்லை. வல்வெட்டித்துறைக் கப்பல் வெறுமையாகத் திரும்புகிற வழக்கம் இல்லையாம். கையில் ஒரு முழம் கட்டுத் துணி சுற்றி முடியும்வரை நானும் அவரும் ஓடு ஏற்றினோம். எண்ணி எண்ணி ஏற்றினோம். பாதியில் அவர் காற்றுச் சரியில்லை, இரண்டு நாள் நின்று போவோம் என்று சொன்னபோது, வெளியே வாங்கில் பதினேழு நோயாளிகள் காத்திருந்தார்கள். வாழ்க்கையில் ஒரு பாய்க்கப்பலையும் கண்டிராத எங்கள் டொக்டர், நெற்றி வேர்வையை வழித்துவிட்டுக் கைகூப்பிச் சொன்னார்: “தண்டையல், காத்து மாறிப்போச்சு, என்ரை கண்ணாலை கண்டனான்!”

வலது கை

மூன்று மாதம் கழித்துத் தண்டையல் வந்தார். இரண்டு விரல் மடங்காது, மற்றபடி கை கைதான். ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை வலது கையாலேயே தூக்கி என்னிடம் நீட்டினார். அந்தக் கை என் கையில் பட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். டொக்டர் ஓடிவந்து, கொப்பியைத் திறந்து, அன்று உள்ளே என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டார். கண்ணைத் திறந்துகொண்டு ஓடு ஏற்றப் போய்வந்தேன், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றார். டொக்டர் நாலாவது விளக்கத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், என் வாளியை நினைத்திருப்பார். கொப்பியை மூடிவிட்டுப் போய்விட்டார்.

நான் தண்டையலை வாசல் படலைவரை கொண்டுபோய் விட்டேன். அந்த நாளிலிருந்து என் விரல் நடுங்குவதில்லை என்று சொன்னேன். நடுக்கடலில் நான் ஆரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது, எனக்கு அது தெரியவேண்டும் என்று கேட்டேன். பொன்னுத்துரைத் தண்டையல் அந்த வலது கையை என் தோளில் வைத்தார். “ஒரு ஆள் கடலிலை தவறின கப்பலிலை, அணியத்திலை நிக்கிறவன் பின்னுக்குத்தான் பாப்பான், உம்மைத் திருப்பாமல் நான் கப்பலை எப்பிடித் தம்பி திருப்பிறது?”

மருந்தில்லா நித்திரை எப்படி வேலை செய்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் அந்த அரை மணித்தியாலம் அந்த அறையில் நித்திரை கொள்ளாமல் இருந்த ஒரே ஆள் தண்டையல்தான் என்பது மட்டும்.